புன்னகைக்கும் மூக்கு: பழைய பிஎஸ்ஏ ஜெட்டுக்கு சிமுலேட்டரில் வண்ணம் பூசுவது எப்படி

கலிஃபோர்னியா வானில் ஒரு காலத்தில் சிரித்த முகத்தோடு விமானங்கள் பறந்தன. மூக்குக்கு அடியில் கறுப்பாக ஒரு வளைகோடு, அவ்வளவுதான். மேலே இருக்கும் விமானி அறைக் கண்ணாடிகள் தாமாகவே கண்களாகிவிடும். பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் என்பது நிறுவனத்தின் முழுப்பெயர். எல்லோருக்கும் அது பிஎஸ்ஏ. 1949 மே 6 அன்று, வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு டிசி-3 விமானத்தை வைத்துக்கொண்டு சான் டியேகோவில் தொடங்கினார்கள். சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ என்று பெரும்பாலும் ஒரே மாநிலத்துக்குள் டவுன் பஸ் மாதிரி ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1988 ஏப்ரலில் யுஎஸ்ஏர் நிறுவனத்தோடு இணைந்தபோது அந்தச் சிரிப்புகள் எல்லாம் புதிய பெயின்டுக்கு அடியில் போய்விட்டன.

அந்த முகத்தை உங்கள் கணினியில் திரும்ப வரவழைப்பதுதான் இங்கே வேலை. கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் பறக்கத் தெரியும், ஆனால் விமானத்தின் மேல்தோல் படமான டெக்ஸ்சர் கோப்பை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். பழைய வட்டார விமான நிறுவனங்கள் எத்தனையோ இருக்க, முதல் பாடத்துக்கு பிஎஸ்ஏவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. வெள்ளை உடல், அதன்மேல் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று பட்டைகள். பாதி வேலை எளிது. அந்தச் சிரிப்பு மட்டும் கடினம். அந்த ஒரு கோட்டைச் சரியாக வரையக் கற்றுக்கொண்டால், பிற்பாடு எந்த லைவரியும், அதாவது எந்த நிறுவனத்தின் வண்ணக்கோலமும், உங்களை மிரட்டாது.

செலவும் குறைவு. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரின் 11, 12 பதிப்புகள் இரண்டிலும் எம்டி-82 விமானம் கூடவே வருகிறது. பிஎஸ்ஏ இந்த வகையை 1980 இறுதியிலிருந்தே ஓட்டியது. அப்போது இதற்கு டிசி-9 சூப்பர் 80 என்று பெயர். எம்டி-80 என்ற பெயர் 1983-இல்தான் வந்தது; எம்டி-82 அதில் ஒரு வகை. வரைய கிம்ப், எழுத்துகளை இழைக்க (படத்தின் மேல் கோடிழுத்துப் பிரதி எடுக்க) இங்க்ஸ்கேப், இரண்டுமே இலவசம். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரு பதிவெண், ஒரு வருடம்

புதிதாக வருகிறவர்கள் நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இணையத்தில் கிடைத்த பத்துப் படங்களைப் பார்த்து, ஒன்றிலிருந்து வாலையும் இன்னொன்றிலிருந்து எழுத்தையும் எடுத்து ஒட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு விமானம் எந்த நாளிலும் எந்த ஓடுபாதையிலும் நின்றதில்லை. விமான நிறுவனங்கள் லைவரியை ஒரே இரவில் மாற்றுவதில்லை. ஒவ்வொரு விமானமும் பெரிய பராமரிப்புக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாறும். அதனால் ஒரே வருடத்தில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுத்தின் அளவு, பதிவெண்ணின் இடம், எந்திரத்தின் நிறம் எல்லாம் விமானத்துக்கு விமானம் கொஞ்சம் வேறுபடும்.

ஆகவே முதலில் ஒரு பதிவெண்ணையும் ஒரு வருடத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பிஎஸ்ஏ விமானங்களின் பதிவெண் பெரும்பாலும் பிஎஸ் என்ற இரண்டு எழுத்தில் முடியும், தேடுவது சுலபம். போயிங் விமானங்களில் இன்னொரு துப்பும் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போயிங் ஓர் எண் கொடுத்திருந்தது. பிஎஸ்ஏவின் எண் 14. அதனால்தான் அவர்களுக்காகக் கட்டிய 727-200 விமானம் 727-214 ஆனது. ஏர் இந்தியாவின் எண் 37, இந்தியன் ஏர்லைன்ஸுடையது ஏ8. மீனம்பாக்கத்தில் பலர் ஏறி இறங்கிய 737, ஆவணங்களில் 737-2ஏ8. ஒரு படத்தின் குறிப்பில் இந்த எண்ணைப் பார்த்தாலே, அந்த விமானம் யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டு பதிவெண்களை மட்டும் நான் தொடுவதில்லை. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவின் மேல் ஒரு செஸ்னா சிறுவிமானத்தோடு மோதி விழுந்த 727, என்533பிஎஸ். அன்று தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். இன்னொன்று 1987 டிசம்பர் 7 அன்று 43 பேரோடு வீழ்ந்த பிஏஇ 146, என்350பிஎஸ். அதற்கு 'ஸ்டாக்டனின் புன்னகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்களின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். நிறுவனத்திடம் வேறு எத்தனையோ விமானங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

படங்களைச் சேர்ப்பது

உங்கள் பதிவெண்ணுக்குக் குறைந்தது ஐந்து கோணங்கள் தேவை: இடப்பக்கம் முழுதும், வலப்பக்கம் முழுதும், மூக்கு முன்னிருந்து, மூக்கு பக்கவாட்டில் நெருக்கமாக, வால் நெருக்கமாக. ஒரே விமானத்துக்கு ஐந்தும் கிடைக்காவிட்டால், அதே வருடத்தில் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு விமானத்தின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். விமானப் படத் தளங்களில் பதிவெண்ணைக் கொடுத்துத் தேடலாம். சான் டியேகோ வான்-விண்வெளி அருங்காட்சியகமும் தன் பழைய படக் குவியலைப் பெரும் எண்ணிக்கையில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சொந்த ஊர் நிறுவனம் என்பதால் அங்கே தேடுவது வீண் போகாது.

ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் யுஎஸ் ஏர்வேஸ் தன் ஏர்பஸ் ஏ319 ஒன்றுக்கு பிஎஸ்ஏ நினைவாக இதே வண்ணம் பூசியது, சிரிப்பும் உண்டு. அது புதிய டிஜிட்டல் கேமரா காலத்து விமானம் என்பதால் படங்கள் கூர்மையாக, பெரிதாக, ஏராளமாகக் கிடைக்கும். தேடலில் முதலில் வந்து நிற்பதும் அதுதான். அதைப் பார்த்து எம்டி-80-க்கு வரையாதீர்கள். வேறு நீளம், வேறு மூக்கு, வேறு வால். வரைந்தவர்கள் பட்டைகளை அந்த உடலுக்கேற்ப மாற்றித்தான் வைத்திருப்பார்கள். மங்கலான 1982-ஆம் வருடத்துப் படம், கூர்மையான நினைவு விமானப் படத்தைவிட உங்களுக்கு நல்ல ஆசிரியர்.

கோப்புகள் எங்கே இருக்கின்றன

இதில் அதிகம் சொல்ல இல்லை. எக்ஸ்-பிளேனின் எம்டி-82 ஃபோல்டருக்குள் 'லைவரீஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு லைவரிக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்று இன்னொன்று. அதில் உள்ள படங்கள்தான் விமானத்தின் தோல். இருப்பதிலேயே அதிகம் வெள்ளையாக உள்ள ஒரு லைவரி ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, உங்கள் பதிவெண்ணைப் பெயராக வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் படக் கோப்புகளின் பெயரை ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. பெயர் பொருந்தினால்தான் சிமுலேட்டர் மூலப் படத்துக்குப் பதில் உங்கள் படத்தைப் போடும்.

வேலை நடக்கும்போது பிஎன்ஜி வடிவத்தில் சேமியுங்கள். அதே பெயரில் டிடிஎஸ் (சிமுலேட்டர்கள் பயன்படுத்தும் சுருக்கப்பட்ட பட வடிவம்) கோப்பும் அங்கேயே கிடந்தால் சிமுலேட்டர் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் மணிக்கணக்காக வரைந்தும் திரையில் எதுவும் மாறாது. நகல் ஃபோல்டரிலிருந்து பழைய டிடிஎஸ் கோப்பை அகற்றிவிடுங்கள். டிடிஎஸ் கோப்பை கிம்ப்பில் திறக்கும்போது படம் தலைகீழாகத் தெரிந்தால், நிமிர்த்திய பிறகு பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சிமுலேட்டரை மூடித் திறக்கத் தேவையில்லை. டெவலப்பர் மெனுவில் விமானத்தை மறுபடி ஏற்றும் கட்டளை இருக்கிறது. வரை, சேமி, ஏற்று, பார். ஒரு மாலையில் நூறு தடவை இதைச் செய்வீர்கள்.

முதலில் கட்டம் போடுங்கள், வண்ணம் அல்ல

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டெக்ஸ்சர் என்பது விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாக விரித்து வைத்தது போன்றது. உருளையான நடு உடலை விரிப்பது சுலபம். வாழைப் பட்டையை உரித்த மாதிரி நேராக வரும். மூக்கை அப்படி விரிக்க முடியாது. ஆரஞ்சுத் தோலைத் தட்டையாக அமுக்கினால் ஓரங்கள் கிழிகிற மாதிரி, மூக்கின் தோல் எங்கோ நீட்டப்பட்டு எங்கோ சுருக்கப்பட்டிருக்கும். படத்தில் நேராக வரைந்த கோடு மூக்கில் வளையும்; மூக்கில் நேராக வேண்டும் என்றால் படத்தில் வளைத்து வரைய வேண்டும். எவ்வளவு வளைப்பது என்று கண்ணால் ஊகிக்க முடியாது.

அதனால் உடலின் டெக்ஸ்சர் முழுதும் ஒரு கட்டத்தாள் வரையுங்கள். 4096 பிக்சல் அகலமுள்ள படம் என்றால், 128 பிக்சலுக்கு ஒரு கோடு. மொத்தம் 32 பத்திகள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெயர் எழுதுங்கள். நான் க1, க2, ச1, ச2 என்று தமிழ் எழுத்தையே போடுகிறேன். அதை அப்படியே சிமுலேட்டரில் ஏற்றி, விமானத்தைச் சுற்றி வந்து எல்லாக் கோணத்திலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரே காரியத்தில் மூன்று உண்மைகள் தெரிந்துவிடும். எந்தக் கட்டம் விமானத்தில் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. எங்கே கட்டங்கள் சதுரமாக இருக்கின்றன, எங்கே இழுபட்டிருக்கின்றன என்பது இரண்டு. மூன்றாவது முக்கியமானது: எந்த இடத்தில் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறது என்பது. சில மாதிரிகளில், அதிலும் எந்திர உறைகளில், இரண்டு பக்கத்துக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தியிருப்பார்கள். அங்கே எழுத்து வைத்தால் ஒரு பக்கம் சரியாகவும் மறு பக்கம் கண்ணாடியில் பார்த்தது போலவும் வரும். நான் முதன்முதலில் வரைந்த லைவரியில் இதைக் கவனிக்காமல் வலப்பக்க எந்திரத்தில் எழுத்துகளைத் திருப்பி விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தரையிறங்கும் படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து கட்டம் போடாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. அப்படிப் பகிரப்பட்ட இடத்தில் எழுத்தைத் தவிர்ப்பதைத் தவிர எளிய வழி கிடையாது.

கணக்கும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எம்டி-82-இன் நீளம் சுமார் 45 மீட்டர். அதன் உடல் முழுதும் 4096 பிக்சலுக்குள் அடங்கினால் ஒரு பிக்சல் சுமார் 1.1 சென்டிமீட்டர். நாலு விரல் அகலத்தில், 7 சென்டிமீட்டரில் ஒரு கோடு வேண்டுமானால் அது ஆறு, ஏழு பிக்சல்தான். கதவருகே இருக்கும் பொடி எழுத்துகள் படிக்கத் தெரியாதது ஏன் என்று இப்போது புரியும். அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பட்டைகள்

எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே, எந்த இடத்தில் பட்டை வளைந்து மேலேறுகிறது என்பதையெல்லாம் நினைவிலிருந்து வரையாதீர்கள். படத்தைப் பார்த்து அளந்து வரையுங்கள். அளக்கும் கோல் விமானத்திலேயே இருக்கிறது: ஜன்னல்கள். அவை சம இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. போயிங் 727, 737 விமானங்களில் ஒரு ஜன்னலின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை 20 அங்குலம், அதாவது 50.8 சென்டிமீட்டர். எம்டி-80-இல் சென்டிமீட்டர் கணக்கே தேவையில்லை. ஜன்னலை எண்ணினால் போதும். "பட்டை முன்கதவுக்குப் பின்னால் நாலாவது ஜன்னலில் அகலத் தொடங்குகிறது, அதன் உயரம் ஒன்றே கால் ஜன்னல்" என்று குறிப்பெடுங்கள். அதே ஜன்னல்கள் டெக்ஸ்சரிலும் இருக்கின்றன. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தாலும் இந்தக் கணக்கு ஏமாற்றாது. தூரத்து ஜன்னல்கள் சிறிதாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை மாறாது.

பட்டைகளைத் தூரிகையால் தீட்டாமல் பாதைக் கருவியால் வரைந்து நிரப்புங்கள். பின்னால் நகர்த்த நேரும்போது அந்த அருமை தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி லேயர் (மேல் மேலாக வைக்கும் தனி அடுக்கு). அடியில் இருக்கும் வெள்ளை உடலில் தகட்டு இணைப்புக் கோடுகளும் மெல்லிய நிழல்களும் ஏற்கெனவே இருக்கும். உங்கள் நிற லேயரை 'மல்டிப்ளை' முறையில் வைத்தால் அவை வண்ணத்துக்கு ஊடாகத் தெரியும். பழைய லைவரியின் பெயின்ட் இருக்கும் இடங்களில் மட்டும் முதலில் வெள்ளையால் மூடிவிட்டு, தொலைந்துபோன இணைப்புக் கோடுகளை ஒரு பிக்சல் சாம்பல் கோடாகத் திரும்ப வரையுங்கள்.

பிஎஸ்ஏ பட்டைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வேலை முடிந்து படத்தை டிடிஎஸ் வடிவத்துக்கு மாற்றும்போது, பழைய டிஎக்ஸ்டி சுருக்க முறை படத்தை 4-க்கு 4 பிக்சல் கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் இரண்டே அடிப்படை நிறங்கள். மற்றவை அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கலவை. ஒரு சதுரத்துக்குள் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் வந்து மாட்டிக்கொண்டால், ஓரம் முழுக்கச் சேறு பூசியது போலக் கலங்கிவிடும். கிடைமட்டமாக ஓடும் பட்டை ஓரங்களை 4-ஆல் வகுபடும் பிக்சல் வரிசையில் வையுங்கள். 1200, 1204, 1208 என்று. ஒரு பட்டை எட்டுப் பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசி7 என்ற புதிய சுருக்க முறையை உங்கள் சிமுலேட்டர் ஏற்றால் கலங்கல் பெருமளவு குறையும். இதெல்லாம் வேண்டாம் என்றால் பிஎன்ஜியாகவே விட்டுவிடலாம். தனக்காக வரைகிறவருக்கு அதுவே போதும்.

படத்தின் விளிம்பில், அதாவது ஒரு துண்டு முடிந்து இன்னொரு துண்டு தொடங்கும் இடத்தில், வண்ணத்தைப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் வெளியே வழிய விடுங்கள். அளவாக நிறுத்தினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது தையல் பிரிந்த மாதிரி வெள்ளைக் கோடு தெரியும்.

சிரிப்பு

இப்போது அந்தக் கோடு. கட்டம் போட்ட மூக்கை நான்கு கோணங்களில் பிடித்த படங்களை எடுங்கள்: நேர் முன்னால், இடது சாய்வு, வலது சாய்வு, கீழிருந்து. உங்கள் பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஸ்க்ரீன்ஷாட்டின் மேலேயே ஒரு லேயரில் சிரிப்பை வரையுங்கள். விமானி அறைக் கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கும் கோட்டின் முனைக்கும் உள்ள தூரம், மூக்கு நுனியிலிருந்து கோட்டின் நடுப்பகுதி எவ்வளவு கீழே என்பது, முனைகள் பக்கவாட்டில் எதுவரை பின்னால் போகின்றன என்பது: இந்த மூன்றும் சரியாக இருந்தால் முகம் வந்துவிடும்.

வரைந்த கோடு எந்தெந்தக் கட்டங்களைக் கடக்கிறது என்று எழுதுங்கள். "ட14-இன் நடுவில் நுழைந்து ட15-இன் கீழ் மூலையில் வெளியேறுகிறது" என்பது போலப் பன்னிரண்டு, பதினைந்து புள்ளிகள் போதும். அந்தப் புள்ளிகளை டெக்ஸ்சரில் அதே கட்டங்களில் வெறும் பொட்டுகளாக வையுங்கள். கோடு போடாதீர்கள். ஏற்றிப் பாருங்கள். பொட்டுகள் மூக்கின் மேல் சீரான வளைவில் விழுகின்றனவா? ஒன்றிரண்டு விலகி நிற்கும், நகர்த்துங்கள். வரிசை சரியான பிறகுதான் இணைக்க வேண்டும்.

இணைக்கும்போது ஒரே தடிமன் கொண்ட கோட்டை இழுத்தால் ஏமாற்றம்தான். தோல் இழுபட்ட இடத்தில் அந்தக் கோடு தடித்தும், சுருங்கிய இடத்தில் மெலிந்தும் தெரியும், சிரிப்பு கோணலாகிவிடும். ஆகவே சிரிப்பை ஒரு மெல்லிய வடிவமாக எண்ணுங்கள். மேல் ஓரத்துக்கு ஒரு பொட்டு வரிசை, கீழ் ஓரத்துக்கு இன்னொரு பொட்டு வரிசை. இரண்டையும் தனித்தனியே மேற்சொன்ன முறையில் சரிபார்த்து, இடையில் கறுப்பை நிரப்புங்கள். இடப்பாதி முடிந்ததும், டெக்ஸ்சரில் வலப்பாதி கண்ணாடிப் பிரதியாக விரிக்கப்பட்டிருந்தால் புரட்டிப் போடலாம். இல்லையென்றால் வலப்பாதிக்கும் அதே பாடு படத்தான் வேண்டும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்தவர்கள் விமான மாதிரியை அதில் திறந்து, முன்னாலிருந்து நேராக வண்ணத்தைப் படியச் செய்யலாம், வேகமான வழி. ஆனாலும் முதல் விமானத்தைக் கட்டமுறையில் செய்யச் சொல்வேன். எந்தக் கட்டம் எந்த வளைவில் உட்காருகிறது என்பது கையில் பதிந்துவிடும். அடுத்த விமானத்தில் பாதி நேரம் மிச்சம்.

எழுத்து

பிஎஸ்ஏ என்ற மூன்று எழுத்துக்கு ஒத்த ஃபான்ட்டைத் தேடி அலையாதீர்கள். நெருங்கிய ஒன்று கிடைக்கும். அந்த நெருக்கம்தான் கண்ணை உறுத்தும். வாலை நேர் பக்கவாட்டில் காட்டும் படத்தை இங்க்ஸ்கேப்பில் அடியில் வைத்து, எழுத்துகளை மேலே இழைத்து எடுங்கள். ஒரு மணி நேர வேலை. வால் பெரும்பாலும் தட்டையானது என்பதால் டெக்ஸ்சரில் அப்படியே உட்காரும். படம் சாய்ந்திருந்தால், மாதிரியின் வாலைப் பக்கவாட்டில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டோடு நான்கு மூலைகளையும் பொருத்தி நிமிர்த்திய பிறகு இழையுங்கள்.

நிறம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: சரியான இளஞ்சிவப்பின் எண் என்ன? புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி அப்படியே போடுவதுதான் பலர் செய்வது. பிஎஸ்ஏ விஷயத்தில் அது மோசமாகப் பிசகும். கோடக் நிறுவனத்தின் பழைய எக்டாக்ரோம் ஃபிலிம் ஸ்லைடுகளில் காலப்போக்கில் முதலில் வெளுப்பது நீலப்பச்சைச் சாயம். அது போனால் படம் முழுக்கச் சிவப்பேறும். வேறொரு நிறுவனத்தின் நீலப் பட்டை என்றால் பார்த்தவுடன் தவறு புரியும். இங்கே மூன்று பட்டைகளுமே சிவப்புக் குடும்பம். ஆரஞ்சு சிவப்பை நோக்கி நகரும், இளஞ்சிவப்பும் சிவப்பை நோக்கி நகரும். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோடக்கின் இன்னொரு ஃபிலிமான கோடாக்ரோமின் ஸ்லைடுகள் இருட்டில் பாதுகாத்தால் நிறம் மாறாமல் நிற்கும் என்று பெயர் பெற்றவை. படக் குறிப்பில் அந்தப் பெயர் இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இது. வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று படங்களை எடுங்கள். மாலை வெயிலில் எடுத்தவை வேண்டாம். ஒவ்வொன்றிலும் வெயில் பட்ட வெள்ளை உடலை வெண்புள்ளியாகக் காட்டி கிம்ப்பில் நிறத்தைச் சமன் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பட்டையிலிருந்தும், பளபளப்பும் நிழலும் இல்லாத நடுப்பகுதியில் மாதிரி எடுத்து மூன்று படங்களுக்கும் சராசரி காணுங்கள். அதுதான் தொடக்க நிறம். அதை டெக்ஸ்சரில் போட்டு, டெக்ஸ்சரைப் படத்தோடு ஒப்பிடாமல், சிமுலேட்டரின் ஸ்க்ரீன்ஷாட்டைப் படத்தோடு ஒப்பிடுங்கள். சிமுலேட்டரின் வெயிலும் அதன் ஒளிச் சமன்பாடும் நிறத்தை வெளிறச் செய்யும். நண்பகல், மேகமூட்டம், அந்தி மூன்றிலும் பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போதும் மூன்று பட்டைகள் மூன்றாகவே தெரிய வேண்டும். ஒன்றாகக் கரைந்தால் ஆரஞ்சைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள்.

வெள்ளைக்கு 255 கொடுக்காதீர்கள். நிஜத்தில் எந்த வெள்ளைப் பெயின்டும் விழும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. 230 முதல் 238 வரை போதும். வெயிலில் அதுவே கண்ணைக் கூசும், தகட்டுக் கோடுகளும் பிழைத்திருக்கும்.

பளபளப்பிலும் காலம் தெரியும். இன்றைய விமானங்களில் வண்ணத்தின் மேல் தெளிந்த மேல்பூச்சு கொடுப்பதால் கண்ணாடி போல மின்னுகின்றன. அந்தக் காலத்துப் பூச்சு வெயிலில் சுண்ணாம்பு பூத்து மங்கும். பளபளப்பைக் கட்டுப்படுத்தும் கோப்பில் உடலின் சொரசொரப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். இறக்கைகளின் முன்விளிம்பு வெற்று அலுமினியமாக இருந்தால் அங்கே மட்டும் உலோகத் தன்மை முழுதாக இருக்கட்டும். புகைக்கறை எந்திரங்களின் பின்னால் லேசாக, வயிற்றில் எண்ணெய் வழிந்த தடம் கொஞ்சம், அத்தோடு நிறுத்துங்கள். முகத்தையே அடையாளமாக விற்ற நிறுவனம் அந்த முகத்தைக் கழுவித்தான் வைத்திருந்தது.

வேறு சிமுலேட்டர், வேறு விமானம்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் பிஏஇ 146-க்கு வரைய விரும்புகிறவர்கள் உண்டு. ஜஸ்ட் ஃபிளைட் அதை விற்கிறது. பிஎஸ்ஏ அந்த விமானத்தை 1984 முதல் ஓட்டியது. வரையும் முறை ஒன்றே, கட்டும் முறைதான் வேறு. லைவரி ஒரு தனிப் பொதியாக இருக்கும். மூல விமானம் எது என்று ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி கோப்பில் சுட்ட வேண்டும். நீங்கள் மாற்றாத படங்களை எங்கிருந்து எடுப்பது என்று டெக்ஸ்சர் சிஎஃப்ஜி சொல்ல வேண்டும். பொதியில் உள்ள எல்லாக் கோப்புகளும் லேஅவுட் ஜேசன் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு கோப்பை மாற்றினாலும் பட்டியலைப் புதிதாக உருவாக்குங்கள். அதற்கென்றே சின்னஞ்சிறு இலவசக் கருவி இருக்கிறது. லைவரி பட்டியலில் தெரியவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை கோளாறு இங்கேதான். 2024 பதிப்பின் அமைப்பு மாறிவிட்டது. அங்கே விமானத்தைச் செய்தவர் தரும் பெயின்ட்கிட் (வண்ணம் பூச உதவும் கோப்புத் தொகுப்பு) குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பகிர்வதானால் இலவசமாகப் பகிருங்கள். பிஎஸ்ஏ என்ற பெயர் அநாதையல்ல. அதன் உரிமையைக் காக்கவே 1995-இல் ஜெட்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல் என்ற துணை நிறுவனத்துக்குப் பிஎஸ்ஏ ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அது இன்றும் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்காகப் பறக்கிறது. காசு கொடுத்து வாங்கிய விமானம் என்றால், நீங்கள் வரையாத கோப்புகளைப் பொதியில் சேர்க்காதீர்கள். கூடவே ஒரு சிறு குறிப்புக் கோப்பு வையுங்கள்: எந்தப் பதிவெண், எந்த வருடம், எந்த விவரத்தை எந்தப் படத்திலிருந்து எடுத்தீர்கள், எதை ஊகித்தீர்கள். அந்த விமானத்தில் பயணித்தவர் யாராவது ஒருநாள் படித்துவிட்டு, கதவருகே பட்டை இப்படி இல்லையே என்று சொல்லக்கூடும். திருத்த அந்தக் குறிப்பு உதவும்.

கடைசியாக, விமானத்தை சான் டியேகோவில் ஒரு பிற்பகலில் நிறுத்துங்கள். சிமுலேட்டரின் வழக்கமான அகலக் கோணத்தில் பார்த்தால் மூக்கு உப்பித் தெரியும். நீங்கள் பார்த்து வரைந்த படங்களோ தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தவை. எனவே கேமராவை வெகுதூரம் பின்னால் நகர்த்திவிட்டு ஜூம் செய்யுங்கள். பக்கவாட்டுப் பார்வையெல்லாம் முடிந்ததும், கேமராவைத் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு இறக்கி, மூக்குக்கு முன்னால் இருபது மீட்டரில் நில்லுங்கள். விமானத்துக்கு வழிகாட்டும் தரைப் பணியாளர் நிற்கும் இடம் அது. நான் கடைசியாகத் திருத்துவது எப்போதும் அங்கிருந்து பார்த்துத்தான். பெரும்பாலும் சிரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பிக்சல் மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.